செகண்ட் ஹேண்ட் பிரஷ் கட்டர்: மெஷினில் குறையில்லை, கார்புரேட்டர்தான் படுத்துகிறது

புல், புதர் வெட்டும் என் பிரஷ் கட்டரில், பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழான பிரைமர் பம்பை நாலைந்து தடவை அமுக்கி, சோக் போட்டுக் கயிற்றை இழுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். பரவாயில்லையே என்று பெல்ட்டைத் தோளில் மாட்டுவதற்குள் நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இந்த வாரமும் அதன் கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு, கையில் பெட்ரோல் நாற்றம் போவதற்கு முன்பே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண 52 சிசி டூ ஸ்ட்ரோக் மெஷின்தான். விவசாயக் கருவி விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டித் தொங்குமே, அந்த வகை. குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவரிடம் பழையதாக வாங்கினேன். பிளேடு, புல் வெட்டும் நைலான் நரம்பு, கியர் ஹெட், கிளட்ச் எதிலும் எனக்குக் குறை இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு கழனி வரப்பில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் கோரையையும், கொல்லையில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தையும் அது சாய்க்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆள் கிடைக்காமல் தள்ளிப்போட்ட வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஓடுகிற நாளில் மட்டும்.

என் சண்டையெல்லாம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டருக்குள் இருக்கும் இரண்டு கருப்பு ரப்பர் ஷீட்டோடுதான். பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு கிண்ணத்தில் தேங்கி நிற்கும், மிதவை அதன் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். பிரஷ் கட்டரைச் சாய்த்தும் பக்கவாட்டில் வீசியும் வேலை செய்கிறோம், கிண்ணம் இருந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் இதில் மிதவை கிடையாது, டயாபிரம் எனப்படும் அந்த ரப்பர் ஷீட்தான். தண்ணீரில் குதித்துக் கவிழ்ந்து ஓடுகிற பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீக்களில் டயாபிரம் கார்புரேட்டர் வைத்ததற்கும் இதுதான் காரணம். கடற்கரைக்காரர்கள் அதோடு படுகிற பாட்டைக் கேட்டால் நம் பாடு போலவே இருக்கிறது.

இரண்டு ஷீட்டுக்கும் வேலை வேறு. ஒன்று பம்ப். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறையில் அழுத்தம் கூடிக் குறைகிறதல்லவா, அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து இந்த ஷீட்டை அடிக்கிறது. ஷீட் அசைந்து அசைந்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இன்னொன்று அளந்து விடுவது. இன்ஜின் உறிஞ்சும்போது அது உள்பக்கமாக வளைந்து ஒரு குட்டி லீவரை அழுத்தும், லீவர் ஊசி வால்வைத் திறக்கும், தேவையான பெட்ரோல் உள்ளே வரும். இந்த ஷீட் கொஞ்சம் விறைத்துப்போனாலும் வளைவது குறையும், வால்வு முழுசாகத் திறக்காது. ஸ்லோவில் நன்றாக ஓடும் மெஷின் ரேஸ் கொடுத்ததும் மூச்சு வாங்கி அணைகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்து விரலால் அசைத்துப் பாருங்கள். நல்ல ஷீட் துணிபோலத் தொய்யும். கெட்டது படபடவென்று சத்தம் போடும்.

ஏன் விறைக்கிறது? மெஷினுக்குள் பெட்ரோலை விட்டுவிட்டு மாதக் கணக்கில் மூலையில் சாத்தி வைப்பதால். பெட்ரோல் ஆவியாகி, அதில் கலந்த 2டி ஆயிலும் பிசினும் பசையாக ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 2003-இல் 5 சதவீதக் கலப்பாகத் தொடங்கியது, இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், உறிஞ்சும் டியூபின் வாயும் அங்கேதான் கிடக்கிறது. பழைய ரப்பர்களும் இதைத் தாங்குவதில்லை. என் மெஷினில் பெட்ரோல் டியூப் கையில் எடுத்ததும் ஒடிந்தது. வெளியே பார்க்க முழுசாக இருந்த டியூப், டேங்கை விட்டு வெளியே வருகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுத்தால் என்ன ஓடும்? பிரைமரை அமுக்கும்போது டியூபில் குமிழி குமிழியாக வந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம், டியூபையும் அதன் முனையில் இருக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

இனி என் மனத்தாங்கல். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் இந்த மாதிரி மெஷினுக்கு ஸ்பேர் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் வேலூருக்குத்தான் வருகிறோம். வந்தால் கேட்கிற ஒரே வார்த்தை: "செட்டா மாத்திடுங்க சார்." அதாவது முழு கார்புரேட்டரையும். ஷீட்டும் பேக்கிங்கும் அடங்கிய டயாபிரம் கிட் தனியாகக் கிடைக்கும், செட் விலையில் சிறு பங்குதான். கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள். நான் காட்டிய ஒரு கடையில் பிரிக்கவே இல்லை. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகி ரேஸை ஏற்றி, "இப்ப நிக்காது பாருங்க" என்று கொடுத்தார்கள். நிற்கவில்லைதான். கையை எடுத்தாலும் பிளேடும் நிற்கவில்லை. ஸ்லோ சுமார் 3000 சுற்றில் இருந்தால் கிளட்ச் பிடிக்காது, பிளேடு சும்மா இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் மெஷினை இறக்கி வைக்கிறபோதும் காலருகே பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குக் கூலியும் வாங்கினார்கள்.

நியாயமும் சொல்ல வேண்டும். மழை விட்ட வாரம் அந்தக் கடை வாசலில் பத்துப் பதினைந்து மெஷின் கிடக்கும். எல்லாருக்கும் சாயந்திரத்துக்குள் வேண்டும். அவசரத்தில் செட்டை மாற்றிக் கொடுத்து அனுப்புவதுதான் அவர்களுக்கும் கட்டுப்படியாகும். புதுச் செட் போட்டால் ஓடவும் செய்கிறது, பொய்யில்லை. அடுத்த பருவத்தில் அதுவும் இதே பாட்டைப் பாடும்.

நீங்களே பிரிப்பதாக இருந்தால் ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டும் பேக்கிங்கும் எது மேலே எது கீழே என்பது மாறினால் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. ஊசிக்குப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு குட்டி வலை இருக்கும், அதில்தான் மண்ணும் பசையும் அடைந்திருக்கும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஸ்ப்ரே அடித்து ஊதினால் போதும், அதுவும் ஷீட்டைக் கழற்றிய பிறகு. கம்ப்ரசர் காற்றுக்கு அந்த ரப்பர் ஒரு நொடி தாங்காது. லீவர் வளைந்து உயர்ந்திருந்தால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிப் பிளக் நனையும், தாழ்ந்திருந்தால் பட்டினி. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள பேக்கிங்கையும் பாருங்கள். அங்கே காற்று எடுத்தால் சூடானதும் ரேஸ் தானாக ஏறும். அதைச் சாதாரணமாக விடக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1 என்பதுதான் என் மெஷினின் கணக்கு. புகை அதிகம் என்று குறைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கால் மணி ஓடி நின்றால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியிலுள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. என்னுடையதில் இதுவும் இருந்தது. ஒரு ஊசி முனை அழுக்குக்காகக் கார்புரேட்டரைக் கழற்ற வைத்த மெஷின் இது! சைலன்சர் வலையில் கரி அடைத்தாலும் இதே போல இழுக்காது. அதையும் கார்புரேட்டர் தலையில்தான் எழுதுவார்கள்.

இதற்கு நடுவில் மாமா போன் செய்தார். அணைக்கட்டில் ஒருவர் இதே வகை மெஷினைப் பாதி விலைக்குத் தருகிறாராம், எடுக்கலாமா என்று. பொய்கைச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிக்கிறவர் இல்லை அவர். இதற்கும் பல் இருக்கிறது என்றேன். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு, ஆறின பிறகு உங்கள் கையால் இழுங்கள். கால் மணியாவது புல்லில் போட்டு வெட்டுங்கள், பிறகு ரேஸை விட்டால் பிளேடு நிற்கிறதா பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்கவே வேண்டாம் என்றும் சொன்னேன். டயாபிரம் மாற்ற அவருக்குப் பொறுமையும் இல்லை, கண்ணும் தெரியாது. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியப் பட்டியலில் புதர் அகற்றும் கருவி என்ற பெயரில் பிரஷ் கட்டர் இருக்கிறது, அங்கே விசாரித்துப் புதிதாக, முடிந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள் என்றேன். அதிலும் டயாபிரம்தான், ஆனால் பழைய மெஷினின் பாவத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

"ஏம்பா, அப்ப நீ உன்னோடத வித்துடுவியா?" என்றார்.

விற்க மாட்டேன். கிட் போட்ட மறுநாள் காலையில் வரப்பு முழுக்க ஒரே மூச்சில் வெட்டினேன், ஒரு தடவை கூடத் திக்கவில்லை. அணைக்கட்டுக்காரர் இன்னும் ஐந்நூறு குறைத்தால் எனக்குச் சொல்லுங்கள் மாமா, ஸ்பேருக்கு நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.