ஆவுளியாவைக் காட்டி விற்ற படகுப் பயணம்

மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு இராமேசுவரம் சென்றிருந்தபோது, மண்டபம் ஊருக்கு மேற்கே தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஒரு தனியார் நடத்தும் கண்ணாடிப் படகில் ஏறினோம். சீட்டு தரும் இடத்தில், குட்டியோடு நீந்தும் ஆவுளியாவின் படத்தைப் போட்டு, "கடல் பசுவை நேரில் காணுங்கள்" என்று எழுதிய பெரிய பதாகை ஒன்று நின்றது. எட்டு வயது மகள் அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை. தலைக்கு 600 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு 2,400 ரூபாய் கட்டியதற்கு வேறு காரணம் கிடையாது.

ஆவுளியாவைப் பார்க்கவில்லை என்பது என் குறை அல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் அந்த விலங்கு 400 கிலோ வரை எடை கொண்டதானாலும் கூச்சம் மிகுந்தது. எண்ணிக்கையில் மிகவும் குறைந்துபோனதால்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை அதற்கெனத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. அப்படிப்பட்ட ஓர் உயிரை ஒன்றரை மணி நேரச் சவாரியில் காட்டிவிடுவதாகப் பணம் வாங்குவதுதான் குறை.

ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்த பயணம் கரைக்குத் திரும்பியபோது ஐம்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. படகின் நடுவே மரப்பெட்டி போல் அடித்து, அதன் அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். உட்புறம் ஆவி படிந்து மங்கலாக இருந்ததைப் படகோட்டி தன் தோள் துண்டால் இரண்டு முறை துடைத்தார். ஆனால் அழுக்கு வெளிப்புறத்தில் இருந்தது. கண்ணாடியின் ஓரங்களில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டி வளர்ந்திருந்தது, நடுவில் பச்சைப் பாசி. பன்னிரண்டு பேர் அந்தப் பெட்டியைச் சுற்றிக் குனிந்து, ஒருவர் தலையில் ஒருவர் முட்டிக்கொண்டு, கலங்கிய தேநீர் நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான அளவில் லைஃப் ஜாக்கெட் இல்லை. பெரியவர்களுக்கானதை என் மகளுக்கு மாட்டி, கொக்கி உடைந்திருந்ததால் நைலான் கயிற்றால் இடுப்பில் கட்டினார்கள். அவள் கையை உயர்த்தினால் அது காதுவரை ஏறியது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இறங்காதது என் தவறு.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளையும் காப்பதற்காக 1986-இல் ஒரு தேசியப் பூங்காவே அறிவிக்கப்பட்ட கடல் இது. வழிகாட்டியாக வந்த இளைஞர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டை வைத்துவிட்டுக் கைப்பேசியில் மூழ்கினார். நடுவில் ஒரு முறை எழுந்து, கீழே தெரிந்த கருத்த திட்டைக் காட்டி, "அதோ ஆவுளியா, பாருங்க பாருங்க" என்றார். ஆவுளியா பாலூட்டி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அந்தத் திட்டு, படகு அங்கே நின்ற நேரமெல்லாம் மூச்சு விடவே இல்லை. பக்கத்தில் இருந்த படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அது கடற்புல்.

அறுபது வயதைத் தாண்டிய அந்தப் படகோட்டியிடம், இன்ஜின் பக்கம் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். "கச்சான் கிளம்பிருச்சு தம்பி. இனிமே தென்கடல் கலங்கலாத்தான் கெடக்கும். மாசி, பங்குனியில வந்திருந்தீங்கன்னா, பாரெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிஞ்சிருக்கும்" என்றார். கச்சான் என்று அவர் சொன்னது தென்மேற்குக் காற்றை, பார் என்றது பவளப்பாறையை. பிறகு பேராமை என்னும் பச்சைக் கடலாமை எங்கே மேயும், ஓங்கில் (டால்பின்) கூட்டம் எந்த நேரத்தில் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்த பத்து நிமிடம்தான் இந்தப் பயணத்தில் நான் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது. இவ்வளவும் தெரிந்த மனிதரைச் சுக்கானில் உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பையன் கையில் விளக்கத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.

கரையில் சீட்டு கொடுத்தவரிடம், தண்ணீர் கலங்கியிருப்பதைப் பணம் வாங்கும் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "லீவு சீசன் சார், எல்லாரும் வருவாங்க" என்றார். பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டதற்குத் தலையாட்டினாரே தவிரத் தரவில்லை. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் படகோட்டிக்காக. போகத்தான் வேண்டுமென்றால் காற்று அடங்கிய மாதத்தில், காலை ஏழு மணிக்குள், கண்ணாடியையும் ஜாக்கெட்டையும் நேரில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.