தடுத்த ஆப்பை விசாரிக்க எது வசதி: ஆப்லாக்கரா, ஆப் கன்ட்ரோலா?

"சார், இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து போன் வந்தால், அட்மின் நான்கு விஷயங்களைத் தேடுவார். எந்தக் கோப்பு, யாருடைய கணக்கு, அதைத் திறந்த புரோகிராம் எது, எந்த விதி தடுத்தது. அனுமதியில்லாத ஆப்களை ஓடவிடாமல் தடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ஆப்லாக்கர், ஆப் கன்ட்ரோல் என்ற இரண்டு வசதிகளில் எதுவும் இந்த நான்கையும் சேர்த்து ஒழுங்காகச் சொல்வதில்லை.

விண்டோஸ் 7 காலத்திலிருந்து வரும் ஆப்லாக்கரை எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் நிகழ்வு எண் 8004 என்றால் தடுத்துவிட்டது. 8003 என்றால் ஓட விட்டது, ஆனால் விதி அமலில் இருந்திருந்தால் தடுத்திருக்கும். ஜெனரல் டேபில் கோப்பின் பெயரோடு ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. சரக்கெல்லாம் டீடெய்ல்ஸ் டேபில். பயனரின் எஸ்ஐடி (கணக்கின் அடையாள எண்), விதியின் பெயர், ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்), டிஜிட்டல் கையொப்பமிட்ட நிறுவனம் எல்லாம் அங்கே கிடைக்கும். நிறுவனம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் கையொப்பம் இல்லாத கோப்பு. விதியின் அடையாள எண் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால், எந்த விதியும் குறிப்பாகத் தடுக்கவில்லை, அனுமதிக்கும் விதி எதுவும் பொருந்தவில்லை என்று அர்த்தம். 'எந்த ரூல் பிளாக் பண்ணுது' என்று பாலிசியை (விதித் தொகுப்பை) குடைந்து பயனில்லை.

ஆப்லாக்கரில் கிடைக்காதது, அந்தக் கோப்பைத் திறந்தது யார் என்பது. பயனர் தானே டபுள் கிளிக் செய்தாரா, வேர்டு ஃபைலுக்குள் இருந்த மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) கிளப்பிவிட்டதா? பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் இரண்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

டபிள்யூடிஏசி என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரிந்த ஆப் கன்ட்ரோல் இங்கேதான் ஜெயிக்கிறது. அதன் 3077 நிகழ்வில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் சோதனை முறையில் 3076) 'இந்த புரோகிராம் இந்தக் கோப்பை ஏற்ற முயன்றது' என்று இரண்டு பெயர்களும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். எக்ஸ்ப்ளோரர் என்று இருந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். வேர்டு என்று இருந்தால் போனை வைத்துவிட்டு நேரில் போக வேண்டியதுதான்.

ஹேஷிலும் அதற்கே மதிப்பெண். ஆப்லாக்கர் தருவது ஆத்தென்டிகோட் ஹேஷ். கையொப்பப் பகுதியை விட்டுவிட்டுக் கணக்கிடுவது. கோப்புகளில் வைரஸ் உண்டா என்று பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் வழக்கமாகத் தேடுவதோ முழுக் கோப்பின் ஹேஷை. ஒட்டிப் பார்த்து 'கிடைக்கவில்லை' என்று வந்தால், 'யாருக்கும் தெரியாத புது வைரஸ்' என்று பதறவும் வேண்டாம், 'பிரச்சினை இல்லை' என்று விடவும் வேண்டாம். ஆப் கன்ட்ரோல் இரண்டு ஹேஷையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் படிக்க அது ஒரு தலைவலி. சி டிரைவ் என்று சொல்லாமல் ஹார்ட்டிஸ்க்வால்யூம்3 என்று பாதையை எழுதும். கையொப்ப விவரம் 3089 என்ற வேறு நிகழ்வில் கிடக்கும்; இரண்டிலும் பொதுவாக இருக்கும் கோரிலேஷன் எண்ணை வைத்து இரண்டையும் கோர்க்க வேண்டும். ஒரே கோப்பில் பல கையொப்பங்கள் இருந்தால் அத்தனை 3089. கையால் செய்தால் பொறுமை போய்விடும். மைக்ரோசாஃப்டின் இலவச ஆப் கன்ட்ரோல் விசார்டில் நிகழ்வுப் பதிவான லாகைக் கொடுத்தால் அதுவே படித்து, விதியும் எழுதித் தருகிறது.

ஸ்கிரிப்ட் பக்கம் ஒரு வேடிக்கை. ஆப்லாக்கரில் ஸ்கிரிப்டைத் தடுத்ததைச் சொல்லும் 8007 வரிசையாக வந்து, டெம்ப் ஃபோல்டரில் பிஎஸ்ஸ்கிரிப்ட்பாலிசிடெஸ்ட் என்று தொடங்கும் கோப்பைத் தடுத்ததாகச் சொல்லும். புதிதாக வந்தவர்கள் அரண்டுபோவார்கள். பாலிசி இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் தானே உருவாக்கும் கோப்பு அது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலைக்கு சான்டா என்ற கருவி இருக்கிறது. முடிவு, காரணம், ஹேஷ், தாய் புரோசஸின் (அதைத் திறந்த புரோகிராமின்) எண், பயனர், பாதை எல்லாம் ஒரே வரியில். படிக்கும் சுகத்தில் விண்டோஸின் இரண்டும் அதன் பக்கத்தில் நிற்காது.

என்னைக் கேட்டால், ஹெல்ப்டெஸ்கில் முதல் போனை எடுப்பவருக்கு ஆப்லாக்கர் போதும். 'அனுமதிக்கலாமா' என்று முடிவெடுப்பவருக்கு ஆப் கன்ட்ரோல்தான். ஆப்லாக்கருக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, புது வசதிகள் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

எதை எடுத்தாலும் முதல் வேலையாக லாக் ஃபைலின் அளவைக் கூட்டுங்கள். இயல்பாக அது சுமார் 1 எம்பி. நிறைந்ததும் பழையதை அழித்து எழுதும். சோதனை முறையில் ஓடும் கணினியில் வெள்ளிக்கிழமை நடந்தது திங்கட்கிழமை காலை இருக்காது.