6/6 வந்த பிறகு: ஐசிஎல் லென்ஸோடு சில ஆண்டுகள்

கண்ணாடி பவரைத் திருத்தக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸான ஐசிஎல் பொருத்திய மறுநாளே பலருக்கும் பார்வைப் பலகையின் 6/6 வரி படிக்க வந்துவிடும். வேலை முடிந்தது என்று ஃபைலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவதும் அன்றைக்குத்தான். ஆனால் வருஷக்கணக்கில் இந்த லென்ஸோடு இருப்பவர் கேட்டு வாங்க வேண்டிய எண் வேறு. அதற்குப் பெயர் வால்ட்.

லென்ஸ் உட்காருவது ஐரிஸுக்கு (கண்ணின் நிறமுள்ள திரைக்கு) பின்னால், கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால். இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வால்ட். 250 முதல் 750 மைக்ரான் வரை இருந்தால் நிம்மதி. ரொம்பக் குறைந்தால் சொந்த லென்ஸில் பட்டு, முன்பக்கம் கண்புரை படரலாம். 1000-ஐத் தாண்டினால் ஐரிஸை முன்னால் தள்ளி, கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைக் குறுக்கி, அழுத்தத்தை ஏற்றிவிடலாம்.

இது ஏன் தப்புகிறது? லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. என்று நாலே அளவில் வருகிறது. கருவிழியின் குறுக்களவை வெளியிலிருந்து அளந்து இதில் ஒன்றைத் தேர்வது வழக்கம். லென்ஸின் கால்கள் ஊன்றும் பள்ளமோ ஐரிஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளி அளவும் உள் அளவும் எல்லாருக்கும் ஒத்துப்போவதில்லை. யுபிஎம் எனும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அந்தப் பள்ளத்தையே நேராகக் காட்டும். வசதி இருந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்ட் ஒரே இடத்தில் நிற்கவும் நிற்காது. வெளிச்சத்தில் கண் பாப்பா (ஐரிஸின் நடுத் துளை) சுருங்கினால் குறையும், இருட்டில் கூடும். போன வருஷம் இருட்டறையில் எடுத்த ஓசிடியையும் (வால்டை அளக்கும் ஒளி ஸ்கேன்) இந்த வருஷம் விளக்கடியில் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பயப்படுவது வீண். அதற்கும் மேல், வயது ஏற ஏற சொந்த லென்ஸ் தடிக்கும். இடைவெளி மெல்லக் கரையும். முதல் மாத ஓசிடி தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை.

பவர் அளப்பதிலும் கோளாறு நேரும். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே அழுத்தி மாற்றிவிடும். மென்லென்ஸை ஒரு வாரமாவது, கெட்டி லென்ஸை மூன்று நான்கு வாரமாவது கழற்றி வைத்த பிறகே அளக்க வேண்டும். கம்ப்யூட்டர் சோதனையில் இளவயதுக் கண் தானாகக் கிட்டத்தில் குவிந்துகொண்டு, மைனஸைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்ப்பது. சிவப்பு–பச்சைச் சோதனையில் பச்சையில் உள்ள எழுத்து பளிச்சென்று தெரிந்தால் மைனஸ் கூடிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே சொல்லிவிடுங்கள். லென்ஸ் பெட்டியில் வேறு எண் இருந்தால் பதற வேண்டாம். கண்ணாடி நிற்கும் இடம் வேறு, இது நிற்கும் இடம் வேறு.

பழைய மாடலுக்கு, கண்ணுக்குள் நீர் தடையில்லாமல் ஓட ஐரிஸில் லேசரால் துளை போட வேண்டியிருந்தது. புதியதில் லென்ஸின் நடுவிலேயே 0.36 மி.மீ. துளை. அதற்குக் கொடுக்கும் விலை, இரவில் விளக்கைச் சுற்றித் தெரியும் வளையம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் கவனத்திலிருந்து மறைந்துவிடும். இருட்டில் பாப்பா பெரிதாக விரிபவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

சிலிண்டர் பவரையும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வருவது) திருத்தும் டோரிக் லென்ஸ் உள்ளே திரும்பிவிடலாம். 10 டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரியில் மொத்தமும். ஒரு கண்ணில் மட்டும் எழுத்துக்குத் திடீரென்று நிழல் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள். திருப்பி வைக்கலாம். ஆனால் வால்டும் குறைவாக இருந்தால் மறுபடி சுழலலாம். அப்போது பெரிய அளவுக்கு மாற்றுவதே நல்லது.

அறுவை நடந்த அன்று இரவு கண்வலியோடு தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுத் தூங்கிவிடக் கூடாது. அறுவையின்போது கண்ணுக்குள் விட்ட ஜெல் மிஞ்சி, அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். உடனே திரும்பிப் போக வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு விடும் வாரங்களிலும் அழுத்தம் பார்ப்பது அவசியம்.

அதிக மைனஸ் உள்ள கண் பெரும்பாலும் நீளமானது; பவர் போனாலும் நீண்ட கண் நீண்ட கண்தான். விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருக்கிறது. பாப்பாவை விரித்து வருஷம் ஒருமுறை சோதனை, கூடவே கார்னியா (கருவிழி) செல் எண்ணிக்கை. மின்னலோ திரை விழுந்ததுபோலவோ தெரிந்தால் அன்றைக்கே. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லாருக்கும் வருவதுபோல வரும்.

பிற்காலத்தில் கண்புரை வந்தால் ஐசிஎல்லை எடுத்துவிட்டு வழக்கமான உள்விழி லென்ஸ் வைப்பார்கள். கார்னியாவைச் செதுக்காததால், லேசிக் செய்தவர்களுக்கு வருவதுபோலப் பவர் கணக்கு குழம்பாது. மாடல், பவர், அளவு, ஆக்சிஸ் (சிலிண்டர் பவரின் கோணம்) எழுதிய அட்டை அன்றைக்குத் தேவைப்படும். இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள்.