சூரை என்ன தின்றது? வயிறு, ஐசோடோப்பு, டி.என்.ஏ.

கடலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அறிய வலை இழுத்துப் பார்க்கலாம். ஆனால் வளர்ந்த கணவாய் வலை வரும் முன்பே நழுவிவிடும். பொடி மீன்கள் வலைக்கண் வழியே தப்பிவிடும். சூரை மீனுக்கும் சுறாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை, தேடிப் பிடித்துத் தின்பதுதான் அவற்றின் பிழைப்பே. அதனால் வேட்டையாடும் உயிரின் வயிறு நம் கைக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் போய்வந்த பை மாதிரி. கொலோசல் ஸ்க்விட் எனப்படும் மாபெரும் கணவாயை ஜி.சி. ராப்சன் 1925இல் புது இனமாக விவரித்ததுகூட, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கைத்துண்டுகளை வைத்துத்தான்.

சரி, அந்தப் பையை எப்படிப் படிப்பது? வயிற்றைத் திறந்து கண்ணால் பார்ப்பது ஒரு வழி. தசையில் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு வகைகள், எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பது இன்னொன்று. டி.என்.ஏ. எடுத்துப் படிப்பது மூன்றாவது. சூரைகளின் உணவைப் பற்றி வேலை தொடங்கியபோது இந்த மூன்றில் ஒன்றை நானும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோலும் சல்லடையும் போதும் என்ற பழைய வழியை எடுத்தேன். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது கேட்டாலும் அதன் பக்கம்தான் சாய்வேன், அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐசோடோப்பை முதலில் முடித்துவிடலாம். நைட்ரஜனில் இலேசானது 14, கனமானது 15. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது உடலில் கனமானதன் விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4 வரை கூடும். துளி தசையை உலர்த்திப் பொடித்துக் கருவியில் எரித்தால் அந்த மீன் எந்தப் படியில் நிற்கிறது என்று கணக்குப் போடலாம். கார்பனைப் பார்த்தால் கரையோரத்தில் மேய்ந்ததா, நடுக்கடலிலா என்பதும் ஓரளவு தெரியும். வயிறு காலியாக இருந்தாலும் பாதகமில்லை. ரத்த பிளாஸ்மா அண்மைக் கதையைச் சொல்லும், தசை இன்னும் நீண்ட காலத்தின் கதையைச் சொல்லும். மீனைக் கொல்லவும் வேண்டாம். சுறா என்றால் யூரியாவைக் கழுவி எடுக்க வேண்டும், கொழுத்த தசை என்றால் கொழுப்பைப் பிரிக்க வேண்டும். இதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

ஆனால் பெயர் வராது. ஒரே இனத்தை மட்டும் தின்ற மீனும், அதே படியில் இருக்கிற நாலைந்து இனங்களைக் கலந்து தின்ற மீனும் ஒரே எண்ணைக் காட்டலாம். எத்தனை இனங்கள் என்பதே கேள்வியாக இருக்கும்போது இது எனக்கு உதவாது. யார் மேலே, யார் கீழே என்பது கேள்வியாக இருந்திருந்தால் யோசிக்காமல் இதை எடுத்திருப்பேன்.

டி.என்.ஏ.வை ஒதுக்கியதுதான் எனக்கே கொஞ்சம் உறுத்தல். வயிற்றுக் கூழிலிருந்தோ எச்சத்திலிருந்தோ டி.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட ஒரு மரபணுத் துண்டை மட்டும் நிறைய நகல்களாகப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். கண்ணால் பார்ப்பவர் ‘செரித்த சதை’ என்று எழுதிவிட்டு நகர்கிற கூழிலும் இது பெயர் கண்டுபிடிக்கும். ஜெல்லி மீன் விஷயத்தில் இதன் அருமை தெரியும். உடம்பில் எலும்பு, ஓடு எதுவும் இல்லாததால் வயிற்றில் விழுந்த கொஞ்ச நேரத்தில் அது தண்ணீராகிவிடும். பெங்குவின்கள் ஜெல்லி மீன் தின்னும் என்பதை எச்சத்தில் இருந்த டி.என்.ஏ. காட்டிக்கொடுத்தது. அப்புறம் பெங்குவின்களின் முதுகில் கட்டிய கேமராக்களிலும் அவை ஜெல்லி மீனைக் கொத்துவது பதிவானது, அந்த ஆய்வு 2017இல் வந்தது. வயிற்றை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரை கணக்கில் ஏறியே இருக்காது.

அதன் சங்கடங்களும் சின்னவை அல்ல. சூரை தின்ற மீன் அதற்கு முன்பு தின்ற இறாலின் டி.என்.ஏ.வும் சேர்ந்து வரும், யார் தின்றது என்று பிரிக்க முடியாது. வேட்டை மீனின் சொந்த டி.என்.ஏ.வே மாதிரியை மூழ்கடிக்கும், அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். லான்செட் மீன் போலத் தன் இனத்தையே தின்னும் உயிராக இருந்தால் அந்த உண்மை அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். படித்த வரிசைகளில் பாதி நெத்தலி என்று வந்தால் தின்றதிலும் பாதி நெத்தலி என்று சொல்லிவிட முடியாது. தின்றது குஞ்சா, வளர்ந்ததா என்பதும் தெரியாது.

இனி வயிறு. வெட்டித் திறந்து உள்ளிருப்பதைச் சல்லடையில் கொட்டி, மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசினால் கூழ் போய்விடும். சல்லடையில் தங்குபவை மூன்று: முள், காதுக்கல், கணவாய் அலகு. எலும்பு மீன்களின் தலைக்குள் மூன்று ஜோடி காதுக்கற்கள் உண்டு, அதில் பெரிய ஜோடிதான் நமக்கு வேண்டும். அரிசி நொய் போல வெள்ளையாக இருக்கும் அதன் ஓரத்து வளைவும் நடுவில் ஓடும் பள்ளமும் இனத்துக்கு இனம் மாறும். கறுப்பு அட்டையில் வைத்து, இடம் எது வலம் எது என்று பிரித்து எண்ணி, இரண்டில் எது அதிகமோ அத்தனை மீன் என்று எழுதுவேன். கல்லின் நீளத்தை அளந்தால் மீனின் நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. கணவாய் அலகு கிளி மூக்கு மாதிரி மேலும் கீழுமாக இருக்கும், இனம் பிரிக்கக் கீழ் அலகைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். மால்கம் கிளார்க் 1986இல் வெளியிட்ட அலகு அடையாளக் கையேடு இல்லாமல் இந்த வேலையில் யாரும் அதிக தூரம் போயிருக்க மாட்டார்கள். அலகு நுனியை அளந்தால் கணவாயின் எடையையும் மதிப்பிடலாம்.

குறை இல்லாமலா? காலி வயிறுகள் ஏராளம். நொய்ந்த சின்னக் காதுக்கல் அமிலத்தில் கரைந்துபோகும். அலகு செரிக்காமல் நாள் கணக்கில் தங்கும், அதனால் கணவாய் அதிகம் தின்றது போலப் பொய்க்கணக்கு வரும். வாசம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். வேலை முடிந்தபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி. தேர்ந்தெடுக்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு சூரை வயிற்றில் கிடைத்த ஏழு கீழ் அலகுகளை ஒரே இனம் என்று எழுதி, குப்பியில் ஆல்கஹால் ஊற்றி மூடிவிட்டேன். மூன்று வருடம் கழித்து, அலகுகளிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒரு அம்மா வேறு வேலையாக வந்தவர், அந்தக் குப்பியைத் திறந்து கவிழ்த்து, இடுக்கியால் இரண்டைத் தள்ளி வைத்தார். “இந்த ரெண்டும் வேற தம்பி. தோள் பக்கம் பாருங்க, கோணம் இருக்கு.” ஆம், இருந்தது. என் பட்டியலில் ஓர் இனம் கூடியது, இன்னொன்றின் எண்ணிக்கை குறைந்தது. என் தப்பு திருத்தப்பட்டதற்கு ஒரே காரணம், அந்தப் பொருள் அங்கேயே இருந்தது.

ஐசோடோப்பில் எரிந்த பொடி எரிந்ததுதான், எண் மட்டும் மிஞ்சும். டி.என்.ஏ. ஆட்கள் இங்கே குறுக்கிடுவார்கள். வரிசைகள் கணினியில் பத்திரமாக இருக்கின்றன, பெயர்த் தொகுப்பு வளர வளரத் திரும்ப ஒப்பிடலாம் என்பார்கள். நியாயம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் முதல் தடவை பெருக்கத் தவறிய இனம் அந்த வரிசைகளில் இல்லவே இல்லை. அதைத் தேட வேண்டுமானால் மூல மாதிரி வேண்டும், அதற்கு உறைபெட்டி வேண்டும், பெட்டி வருடக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். அலகுக் குப்பிக்கு ஆல்கஹால் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். காதுக்கல்லுக்கு அதுவும் வேண்டாம், காயவைத்து உறையில் போட்டுச் சீட்டு எழுதி வைத்தால் சரி.

பராமரிப்பு சுலபம் என்றாலும் கவனம் வேண்டும், அதையும் பட்டுத்தான் கற்றேன். முதல் வருடம் ஒரு தொகுதி வயிறுகளை அப்படியே ஃபார்மலினில் போட்டு வைத்தேன். நாளாக ஆக ஃபார்மலின் அமிலமாகும், காதுக்கல்லோ சுண்ணாம்பு. திறந்தபோது கற்கள் சுண்ணக்கட்டித் தூள் போல விரலில் ஒட்டின. அலகை உலரவிட்டால் அதுவும் சுருங்கி வெடிக்கும்.

கடற்பறவைகள், சீல்கள் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. அவற்றின் வயிற்றைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லாத இடங்களில் எச்சமும் டி.என்.ஏ.வும்தான் வழி என்று நினைக்கிறேன். அங்கே என் சாய்வைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணால் பார்ப்பதையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் இளம் புலிச்சுறாக்களின் வயிற்றில் கிடைத்த இறகுகளுக்கு டி.என்.ஏ. பார்த்தபோது, அவை கடற்பறவைகளுடையவை அல்ல, வலசை போகும் நிலப்பறவைகளுடையவை என்று தெரிந்தது. 2019இல் வெளிவந்த ஆய்வு. இறகைக் கண்டது கண், பெயர் சொன்னது டி.என்.ஏ.

இப்போது நான் செய்வது இதுதான்: வயிற்றைத் திறந்ததும், அலசுவதற்கு முன்னால், கூழில் ஒரு சிட்டிகையைச் சுத்தமான ஆல்கஹாலில் சின்னக் குழாயில் எடுத்து வைக்கிறேன், தசையிலும் ஒரு துண்டு. ஐந்து நிமிட வேலை. அந்தக் குழாய்களில் பெரும்பாலானவற்றை இன்னும் அனுப்பவில்லை, உறைபெட்டியில் இடம்தான் குறைந்துகொண்டே வருகிறது.