கூப்பிட்டால் போவதா, மாதச் சந்தாவா?

கணினி சர்வீஸ் செய்யும் நமக்கு எது நல்லது: கெட்டபோது கூப்பிட்டால் போய்ப் பணம் வாங்குவதா, மாதாமாதம் ஒரே தொகை வாங்கிக்கொண்டு பராமரிப்பதா? பத்து கணினி உள்ள ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கூப்பிட்டால் போவது எளிது: போனோம், சரிசெய்தோம், ஜிபேயில் பணம் வந்தது. ஆனால் எதுவும் கெடாத மாதம் நமக்குப் பட்டினி.

சந்தாவில் கெடாமல் இருந்தால்தான் நமக்கு லாபம். அதனால் பேக்கப் (டேட்டாவை நகலெடுத்து வைப்பது) ஓடியதா என்று நாமே பார்ப்போம். டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவை அந்த நகலிலிருந்து வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்தும் பார்ப்போம். மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ம் தேதி சர்வர் படுத்தால் யார் பதில் சொல்வது?

தொல்லையும் உண்டு. "அப்படியே வீட்டு பிரிண்டரையும் பாத்துடுங்க சார்" என்பார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு நின்றது. புதிய விண்டோஸுக்கு மாற்றும் வேலை சந்தாவில் அடக்கமா? முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

என் ஓட்டு சந்தாவுக்கே. ஒற்றை பில்லிங் கணினி வைத்திருக்கும் மளிகைக்கடைக்கு மட்டும், கூப்பிட்டால் போனால் போதும்.