எஸ்.இ.ஓ பேக்கேஜை நிறுத்திவிட்டேன், சர்ச் கன்சோலை விடமாட்டேன்

எங்கள் லாட்ஜ் வெப்சைட்டைக் கூகுளில் மேலே கொண்டுவர ஒரு கம்பெனியோடு போட்டிருந்த வருட ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இதே பேக்கேஜை விற்க வருகிறவர்கள் வேலூர் காந்தி ரோடு சுற்றுவட்டாரத்தில் எல்லா லாட்ஜ் கவுன்டருக்கும் வந்து போகிறார்கள், பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்.இ.ஓ என்பது சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, பிசினஸ் ப்ரொஃபைல் என்பது கூகுள் மேப்பில் தெரியும் நம் கடை விவரம்; அதற்குமேல் விளக்கப் போவதில்லை. பல வருடம் வெப்சைட் வைத்து ஓட்டியதில் எது நின்றது, எது இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்கு வருகிறவர்கள் யார் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று சி.எம்.சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வரும் குடும்பங்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்கள் இல்லை. டெஸ்ட், ரிசல்ட், ஆபரேஷன், ரிவ்யூ என்று வாரக்கணக்கில் இருப்பார்கள். முன்பெல்லாம் காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோக்காரர் எங்கே கொண்டுபோய் விடுகிறாரோ அங்கே தங்குவார்கள். இப்போது ரயில் ஏறுவதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து போனில் தேடி, இரண்டு மூன்று இடத்துக்குப் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்தத் தேடலில் நாம் இல்லையென்றால், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை நாம் வேலூரிலேயே இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் கம்பெனி செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைட் மொபைலில் அழகாகத் திறக்கிறது. படங்களைச் சுருக்கிப் போட்டார்கள், அதனால் சிக்னல் குறைவான இடத்திலும் பக்கம் சீக்கிரம் வருகிறது. கூகுள் இன்று ஒரு சைட்டின் மொபைல் வடிவத்தைப் பார்த்துத்தான் அதை மதிப்பிடுகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. போன் நம்பரைத் தொட்டவுடன் கால் போகும்படி வைத்ததும் அவர்கள் யோசனைதான். அந்தப் பையன்கள் மரியாதையாகவும் பேசுவார்கள்.

ஆனால் மாதா மாதம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பத்துப் பதினைந்து கீவேர்டு, அதாவது தேடும் சொற்கள், எதிரே ரேங்க், பச்சை நிறத்தில் அம்புக்குறி. முதல் இடம் என்று காட்டிய கீவேர்டுகளில் பாதி எங்கள் லாட்ஜின் பெயர்தான். நம் பெயரைத் தெரிந்தவர் நம் பெயரைப் போட்டுத் தேடினால் நாம் வருவதற்கு எதற்குக் காசு? அடுத்த பக்கத்தில் ‘டைரக்டரி சப்மிஷன்’ என்று, எங்கள் லாட்ஜ் விவரத்தைப் பதிந்த சைட்டுகளின் நீளப் பட்டியல். அதில் இருக்கும் சைட்டுகளை ஒரு மனிதனாவது திறந்து பார்ப்பானா என்பது சந்தேகம். பக்கத்தின் கோடுக்குள் மறைவாக எழுதும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ குறிச்சொல்லைச் சேர்த்தோம் என்று ஒரு வரி. தேடல் வரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து, சைட்டைப் புது டிசைனுக்கு மாற்றிய சமயத்தில் நடந்தது. விசாரிப்பு போன்கள் திடீரென்று குறைந்தன. சீசன் இல்லை சார் என்றார்கள். வைத்தியத்துக்கு என்ன சீசன்? எங்கள் அக்கா மகள் பாகாயத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நம் சைட் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலை அவள் திறந்து, ‘பேஜஸ்’ என்ற பகுதிக்குப் போய்க் காட்டினாள். எங்கள் பக்கங்கள் எல்லாமே ‘நோஇன்டெக்ஸ் குறிச்சொல்லால் விலக்கப்பட்டவை’ என்ற வரிசையில் நின்றன. சைட் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்று போனால், இந்த சைட்டைத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சைட்டைக் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம்தான். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், அவர்கள் எடுக்கவில்லை. உள்ளே வராதே என்று கூகுளுக்கு போர்டு மாட்டிவிட்டு, கூகுளில் மேலே கொண்டுவர எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த மாத ரிப்போர்ட்டிலும் அம்புக்குறிகள் பச்சையாகத்தான் இருந்தன.

அன்றிலிருந்துதான் சர்ச் கன்சோலை நானே பார்க்க ஆரம்பித்தேன். இலவசம். பார்க்கப் பழக ஒரு சாயங்காலம் போதும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அதற்குள் இருந்தது: மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடி நம் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியல். ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியில் ‘குவரிஸ்’ என்று இருக்கும். 16 மாதத்துக்கான கணக்கு பின்னோக்கிக் கிடைக்கும். ரொம்ப அபூர்வமாகத் தேடப்படுகிறவற்றை, தேடியவரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடுவார்கள். மற்றவற்றில் முக்கியமானவை அப்படியே தெரியும்.

கம்பெனி எங்களுக்குத் தேர்ந்தெடுத்த கீவேர்டு ‘பெஸ்ட் லாட்ஜ் இன் வேலூர்’. பட்டியலைப் பார்த்தால் ஜனங்கள் கேட்பது வேறு. ‘சி.எம்.சி பக்கம் கிச்சனோடு ரூம்’, ‘மாத வாடகை’, ‘லிஃப்ட் இருக்கிற லாட்ஜ்’, ‘வீல்சேர்’, ‘நடந்து போகும் தூரம்’. பெஸ்ட் யாருக்கு வேண்டும்? நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஓர் அடுப்பு வேண்டும், மீன் குழம்பு வைத்தால் திட்டாத ஓனர் வேண்டும். எங்களிடம் அடுப்பு, கேஸ், பாத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் அது சைட்டில் எங்கேயும் எழுத்தாக இல்லை. வாடகை விவரம், சமையல் வசதி எல்லாவற்றையும் பூ டிசைன் போட்ட ஒரு போஸ்டர் படத்துக்குள் வைத்திருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி ஒரு பக்கம் தேடலில் வரும் என்று இருக்க முடியாது.

அந்தப் போஸ்டரைத் தூக்கிவிட்டு, கவுன்டரில் நின்று என்ன சொல்வோமோ அதையே எழுதினேன். எந்த மாடியில் எந்த அறை, லிஃப்டில் வீல்சேர் போகுமா, அடுப்பு அறைக்குள்ளா பொதுவா, மாத வாடகையில் கரண்ட் சேருமா, ஆஸ்பத்திரி கேட்டுக்கு எந்த வழியாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கென்று தனித் தலைப்பு. பிறகு காத்திருந்தேன். சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகலாம் என்று கூகுளின் வழிகாட்டியிலேயே போட்டிருக்கிறது. எங்களுக்கு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. போன் செய்கிறவர்கள் முதல் கேள்வியிலேயே, கிச்சன் ரூம் காலியா இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கேட்கிறவர் பாதி முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்.

பட்டியலால் கிடைத்த இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. 2022-ல் சி.எம்.சி-யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு, தேடல்களில் ‘ராணிப்பேட்டை கேம்பஸ்’ என்ற வார்த்தை வந்து விழ ஆரம்பித்தது. அந்த வளாகம் கன்னிகாபுரத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. டவுனில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிக்குப் பக்கமே இல்லை. ஜார்க்கண்டில் இருந்து வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அப்பாயின்ட்மென்ட் அங்கே, ரூம் இங்கே என்று வந்து, ஆட்டோவுக்கே பணத்தைக் கொட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன்: உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது பாருங்கள், ராணிப்பேட்டை என்றால் எங்கள் லாட்ஜ் உங்களுக்குச் சரிப்படாது, அந்தப் பக்கமே இடம் தேடுங்கள். இந்தி, வங்காளம் இரண்டிலும் தெரிந்தவர்களை வைத்து எழுதிச் சேர்த்தேன். எங்கள் சைட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் பக்கம் இன்று அதுதான். அதனால் ஓர் அறைகூட நிரம்புவதில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை எடுக்கமாட்டேன். இடம் மாறி வந்து அலையாமல் ஒரு குடும்பம் தப்பித்தால், வெப்சைட்டுக்குச் செலவழித்த காசு செரித்துவிடும்.

இவ்வளவும் இருக்க, எரிச்சல் மட்டும் ஆறவில்லை. காரணம் சாவி. சைட்டின் முகவரியான டொமைன் கம்பெனியின் பெயரில், சர்ச் கன்சோலில் உரிமையாளர் அவர்கள் மெயில் ஐ.டி, பிசினஸ் ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளரும் அவர்களே. பில் மட்டும் எங்கள் பெயருக்கு. கேட்டால், டெக்னிக்கல் விஷயம் சார், நாங்க பாத்துக்கறோம் என்பார்கள். எங்கள் கட்டடத்துப் பத்திரத்தை பெயின்டர் தன் பெயரில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒப்பந்தம் முடியப் போகிறது என்றதும்தான் இது எவ்வளவு பெரிய பிடி என்று புரிந்தது. டொமைனை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. கடைசியில், மீதித் தொகையைத் தருவதற்கு முன் டிரான்ஸ்ஃபர் கோடு வேண்டும் என்று கறாராக நின்ற பிறகுதான் வந்தது.

இந்தப் பாடு படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சர்ச் கன்சோலில் டொமைன் முழுவதற்கும் சேர்த்து, டொமைனின் செட்டிங்ஸான டி.என்.எஸ்-ல் டி.எக்ஸ்.டி என்ற வகைப் பதிவு ஒன்றைப் போட்டு உங்கள் சொந்த மெயிலில் உரிமையை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய ஆளைப் பட்டியலில் இருந்து நீக்கினால் மட்டும் போதாது. அவர் தன்னை உறுதிசெய்ய சர்வரில் வைத்த எச்.டி.எம்.எல் ஃபைலோ, பக்கத்துக்குள் போட்ட குறிச்சொல்லோ அப்படியே இருந்தால், மறுபடி உள்ளே வந்துவிட முடியும். அதையும் தேடி அழிக்க வேண்டும். பிசினஸ் ப்ரொஃபைலில் புதிதாகச் சேர்ந்த உரிமையாளர், பழையவரை நீக்குவதற்கு 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தம் முடியும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். வேலை செய்ய வருகிறவருக்கு மேலாளர் என்ற அளவில் அனுமதி கொடுத்தாலே எல்லா வேலையும் நடக்கும்.

ப்ரொஃபைலில் லாட்ஜ் பெயரோடு ‘பெஸ்ட் லாட்ஜ் நியர் சி.எம்.சி’ என்று சேர்க்கலாம் என்றும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. போர்டில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, மீறினால் ப்ரொஃபைலே முடங்கலாம். ரிவ்யூ எழுதினால் வாடகையில் தள்ளுபடி என்ற யோசனையையும் அதே மாதிரி ஒதுக்கினேன். காலி செய்யும்போது, நேரம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்க என்று மட்டும் கேட்போம். அஸ்ஸாமில் இருந்து வந்திருந்த ஓர் அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது வாட்ச்மேன் வெந்நீர் வைத்துக் கொடுத்ததை எழுதியிருந்தார். அந்த ரிவ்யூவைப் படித்துவிட்டு வந்தோம் என்று சொன்னவர்கள் உண்டு.

ஆற்காட்டில் மக்கன் பேடா என்ற இனிப்புக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். “அண்ணா, வெப்சைட்டு, எஸ்.இ.ஓ எல்லாம் சேத்து ஒரு வருஷத்துக்கு இவ்ளோ கேக்கறாங்க. உங்களுக்கு நல்லா போவுதேன்னு கேள்விப்பட்டேன். குடுத்துடலாமா?” என்றான்.

வேண்டாம் என்றேன். பேக்கேஜ் மட்டும் இல்லை, வெப்சைட்டே இப்போதைக்கு வேண்டாம் என்றேன். இத்தனை நாள் வெப்சைட்டைப் புகழ்ந்துகொண்டிருந்த நான் இப்படிச் சொன்னது அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அவன் கடைக்கு வருகிறவர் ஹைவேயில் காரை ஓரம் கட்டிவிட்டு, பக்கத்தில் பேடா எங்கே கிடைக்கும் என்று மேப்பில் பார்க்கிறவர். உள்ளூர் தேடலில் கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், பிரபலம் இந்த மூன்றையும்தான். அதற்கு ப்ரொஃபைல் சுத்தமாக இருந்தால் போதும். 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகிவிட்டது, ஆற்காடும் அதில்தான். அவன் ப்ரொஃபைலில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் இருந்தது. மேப்பில் குத்தியிருக்கும் புள்ளி பின்பக்கச் சந்தில் நிற்கிறது. போட்டோக்கள் பழைய போர்டோடு இருக்கின்றன.

“இதையெல்லாம் நீயே ஒரு மத்தியானத்துல சரி பண்ணிடலாம். உன் சொந்த ஜிமெயில்ல பண்ணு, கடைப் பையன் மெயில்ல வேணாம். பேடாவ ரெண்டா புட்டு, உள்ள இருக்கற முந்திரி தெரியற மாதிரி ஒரு போட்டோ போடு. ஆயுத பூஜை, தீபாவளிக்கு கடை எத்தன மணி வரைக்கும்னு முந்தின நாளே மாத்திடு. சாத்துன கடைக்கு முன்னாடி காரோட வந்து நின்னவன் திரும்பி வரமாட்டான்” என்றேன்.

“சரிண்ணா, அப்ப அந்த கம்பெனிக்காரனுக்கு இன்னா சொல்றது?” என்றான்.

டொமைனை யார் பேரில் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.