பழுப்புத்தலையா, கருந்தலையா? இரண்டு கடற்காகங்கள்

குளிர்காலத்தில் தெற்காசியக் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் ஒரே கூட்டமாக நிற்கும். பெயரை நம்பிப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால் கருந்தலைக்கும் தலை பழுப்புதான், சாக்லேட் மாதிரி அடர் பழுப்பு. மற்றதற்குக் கொஞ்சம் வெளிறிய பழுப்பு, கழுத்தோரம் மட்டும் கருத்த விளிம்பு. அதுவும் இனப்பெருக்கக் காலத்தில்தான். குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்தது போல ஒரு கறை இருக்கும், அவ்வளவுதான். 1840-இல் பழுப்புத்தலைக்கு அறிவியல் பெயர் சூட்டிய பறவையியலாளர் ஜெர்டனும் தலையைப் பார்த்துத்தான் சூட்டினார்.

நான் தலையை விட்டுவிட்டேன். கூட்டம் எழும்பும்வரை காத்திருப்பேன். பழுப்புத்தலைக்கு இறக்கை நுனி அகலமான கறுப்பு. அதற்குள் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைப் பொட்டுகள். கருந்தலைக்கு இறக்கையின் வெளிப்பாதி முன்விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை, நுனியோரத்தில் மட்டும் மெல்லிய கறுப்பு. வெகு தூரத்திலிருந்தும் இது தெரியும்.

உட்கார்ந்திருந்தால்? கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலையின் விழி வெளிறிய மஞ்சள், முறைப்பது போலிருக்கும். கருந்தலையின் விழி கறுப்பு, முகமே சாதுவாகத் தெரியும். ஆனால் இளம் பழுப்புத்தலைக்கும் விழி கறுப்புதான், பொட்டும் இருக்காது. அப்போதும் அந்த அகலக் கறுப்பு நுனிதான் துணை. பழுப்புத்தலை சற்றுப் பெரியது, அலகும் தடிமன். பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் இது உதவும்.

கூடு கட்டும் இடத்தில் இரண்டும் வெகுவாகப் பிரிகின்றன. பழுப்புத்தலை லடாக், திபெத் மேட்டுநில ஏரிகளுக்குப் போகிறது. அவற்றில் ஒன்றான சோ மோரிரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கருந்தலை ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை சதுப்புநிலங்களில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகிறது.

கருந்தலையின் கூட்டைப் பற்றி நமக்கு நிறையத் தெரிவதற்கு, 1973-இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் ஒரு காரணம். குஞ்சு பொரித்ததும் பெற்றோர் முட்டை ஓட்டைத் தூக்கிப்போய்ப் போடுவது ஏன் என்று அவர் சோதித்தார். உடைந்த ஓட்டின் உள்வெள்ளை காகங்களுக்கு முட்டையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனாலும் பெற்றோர் உடனே கிளம்புவதில்லை. ஈரக் குஞ்சைப் பக்கத்துக் கூட்டுக் கடற்காகமே விழுங்கிவிடும். அதனால் குஞ்சின் தூவி உலரும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, அப்புறம்தான் ஓட்டை எடுத்துக்கொண்டு பறக்கின்றன.